சட்டம் அறிவோம்: வேலிக்காத்தான் யார் பொறுப்பு?

வள்ளூரிலிருந்து அன்பர் ஒருவர் எழுதியுள்ள மடல் இத்திங்கள் நம் பகுதியை நிரப்பப் போதுமானது. தந்தையார் விட்டுச் சென்ற முக்கால் ஏக்கர் நிலம். பயிர் நின்று ஆண்டுகள் பலவாயின. இன்று அதில் ஆள் நுழைய இயலாதபடி வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கிறது. "வெட்டாவிட்டால் அபராதம் என்கிறார் ஒருவர், வெட்டினால்தான் குற்றம் என்கிறார் மற்றொருவர். இயந்திரம் வைத்துப் பெயர்க்க என்னிடம் பணமில்லை. என் சின்னம்மாவோ அந்த விறகை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறார். நான் என்ன செய்வது?" என்பது அவர் வினா.

தென் மாவட்டத்து வாசகர்கள் சீமைக் கருவேலம் என்றழைப்பதும் இம்மரத்தையே. அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலங்களுக்கு உரியது. காமராசர் ஆட்சியில் தூவப்பட்டது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பின்னாளில் விறகுக்காகப் பரப்பப்பட்டது உண்மையே. ஆயின் மரம் வந்தது அதற்கும் வெகுமுன்னர். சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம் என்பவர் விதை கேட்டு எழுத, 1877-ஆம் ஆண்டிலேயே கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டது. திருட்டுத்தனமாக நுழைந்த விருந்தாளி அன்று. அரசே அழைத்து வந்தது. பொறுப்பு யாருடையது என்று பேசும்போது இதை மறத்தலாகாது.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1919-ஆம் ஆண்டின் வேளாண் பூச்சிகள், நோய்கள் பற்றிய சென்னைச் சட்டம், பூச்சிகளோடு தீங்கு செய்யும் களைகளையும் தன்னுள் அடக்கியது. ஒரு பகுதியில் ஒரு செடியைத் தீங்கான களை என அரசு அறிவிக்கை செய்யுமாயின், நிலத்தை அனுபவிப்பவர் அதை அகற்றக் கடமைப்பட்டவர். தவறினால் அதிகாரிகளே அகற்றிச் செலவை அவரிடம் வசூலிக்கலாம். அறிவிக்கை இன்றேல் கடமையும் இல்லை என்பதைக் கவனிக்க.

அபராதம் பற்றிய அச்சம் 2017-இல் எழுந்தது. வைகோ அவர்கள் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இம்மரத்தை அகற்றவும், அதற்கெனச் சட்டம் இயற்றவும், அகற்றாத நில உடைமையாளரிடம் செலவைப் போல் இருமடங்கு வசூலிக்கவும் ஆணையிட்டது. ஊர்தோறும் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கின. அவ்வாண்டு ஏப்ரலிலேயே வேறொரு வழக்கில் சென்னையில் இடைக்காலத் தடை பிறந்தது. "வெட்டினால் குற்றம்" என்ற பேச்சு இத்தடையிலிருந்து கிளைத்திருக்கலாம். பின்னர் 2022-இல் அயல் ஊடுருவல் தாவரங்கள் குறித்துத் தமிழக அரசு கொள்கை ஒன்றை வெளியிட்டது. கொள்கை என்பது அரசு தன் துறைகளுக்கு வகுத்துக்கொள்ளும் நெறி. அதைக் காட்டி எவரும் அன்பரிடம் அபராதம் கேட்க இயலாது.

நடுவண் அரசும் 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய உயிரினங்களின் இறக்குமதி, வணிகம், வைத்திருத்தல், பெருக்கம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைப் பெற்றது. நல்லதே. ஆயினும் வாயிலில் காவல் வைப்பது வேறு. நூற்றைம்பது ஆண்டுகளாக வீட்டினுள் இருப்பவரை வெளியேற்றுவது வேறு.

எண்ணூர் தாண்டி ரயிலில் செல்வோர் அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் வரை சன்னலோரம் பார்க்கட்டும். பாதையோரம், தொழிற்கூட வேலியோரம், புறம்போக்கு எங்கும் இம்மரந்தான். அங்கு விளையும் இனிய காய்களை ஆடுமாடுகள் தின்று, சாணத்தோடு விதையை அன்பரின் நிலத்தில் இட்டுச் செல்கின்றன. முக்கால் ஏக்கர்காரரைச் சட்டம் எளிதில் எட்டும். பெரு நிலங்களுக்கு உரியவரை எட்டுவதோ அரிது. இது நீதியாகாது என்பது நம் கருத்து. அகற்றும் கடமையைப் பொது நிலத்திலும் பெரு நிலத்திலும் முதலில் தொடங்குவதே முறை.

நிற்க. அன்பருக்கு நம் விடை இது. தம் பட்டா நிலத்து வேலிக்காத்தானை வெட்டுவது குற்றமன்று. ஆனால் வெட்டினால் மட்டும் போதாது; அடிக்கட்டையிலிருந்து நாலாகத் தழைக்கும். வேரோடு தோண்டுதல் வேண்டும். முழுவதையும் ஒரே நாளில் பெயர்க்கக் கடன் வாங்க வேண்டா. காய் முதிருமுன் ஆண்டுக்கொரு பகுதியாகத் தோண்டி, தோண்டிய இடத்தில் உடனே புங்கமோ வேம்போ நடுக. வெற்றிடமாக விட்டால் மறு மழையில் மீண்டும் அதுவே முளைக்கும். சின்னம்மாவுக்கும் அதுவரை விறகு குறையாது.

நிலத்தின் ஒரு பக்கம் கழிமுகத்து உப்புநீர் ஏறுமாயின் அங்கே இயந்திரத்தை இறக்கவே கூடாது. அலையாத்திச் செடிகள் கடலோர ஒழுங்குமுறை விதிகளின் காப்பில் உள்ளவை. புறம்போக்கில் நிற்பதையும் அனுமதியின்றித் தொடலாகாது. அண்டை நிலத்து மரத்தின் கிளை தம் எல்லைக்குள் நீண்டால் அதனைத் தறிக்கலாம். மரத்தைப் பெயர்க்க அங்கே கால் வைக்க உரிமையில்லை. அண்டை நிலம் அரசுக்கோ நிறுவனத்திற்கோ உரியதாயின் வட்டாட்சியருக்கும் ஊராட்சிக்கும் எழுத்து மூலம் மனுச் செய்க. மனுவில் புல எண்ணைக் குறிப்பிடவும், நகலில் பெற்றுக்கொண்டமைக்கான முத்திரை வாங்கவும் மறக்க வேண்டா.