பின்னறைக்கும் அலை போகட்டும்

சிங்கப்பூர் வீடுகளில் வைஃபைக்கு ஒரு வழக்கம் உண்டு. வரவேற்பறையில் அது வீட்டுக்காரர். கடைசி அறையில் எப்போதாவது எட்டிப் பார்க்கும் விருந்தாளி. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கிரிக்கெட் ஆட்டம் துல்லியமாக ஓடும். கடைசி அறையில் பாட்டி, ஊரிலுள்ள தங்கையோடு காணொளியில் பேசும்போது மட்டும் முகம் பாதியில் உறைந்து நிற்கும், குரல் விட்டுவிட்டு வரும். பாட்டி புகார் சொல்ல மாட்டார். “அவ வீட்டுல லைன் சரியில்ல போல” என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவார்.

புகார் சொல்லத் தெரிந்தவர்கள் பக்கத்து அறையில் இருப்பார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் மகன், இணையவழியில் பாடம் படிக்கும் பேத்தி. அவர்கள் குரல் உயர்ந்த பிறகுதான் வீட்டில் காசு எடுக்கப்படும். அந்தக் காசு பெரும்பாலும் இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று, இன்னும் வேகமான இணையத் திட்டம். மற்றொன்று, எட்டுக் கொம்பு முளைத்த பெரிய ரவுட்டர். பல வீடுகளில் இந்த இரண்டினாலும் கடைசி அறைக்கு ஒரு பயனும் கிடைப்பதில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால் சில நூறு வெள்ளி மிச்சமாகும்.

முதலில் திட்டத்தைப் பார்ப்போம். நாடளாவிய கண்ணாடியிழைக் கட்டமைப்பை விநாடிக்கு 10 கிகாபிட் வேகத்துக்கு மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்போவதாக அரசாங்கம் 2024ல் அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த 10 கிகாபிட் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் கண்ணாடியிழைப் பெட்டி வரைக்கும்தான். அங்கிருந்து கைப்பேசிக்குப் போவது காற்றின் வழியாக. இன்று பலர் கையில் இருக்கும் வைஃபை 6 கைப்பேசிகளின் இணைப்பு வேகம், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்றாலும், ஏட்டளவில் 1.2 கிகாபிட்தான். சுவர்களைத் தாண்டத் தாண்ட அதுவும் கரைந்துகொண்டே போகும். தண்ணீர்த் தொட்டியை எவ்வளவு பெரிதாக்கினாலும், குழாய் அடைத்திருந்தால் வாளி நிறையாது.

அடுத்து, பெரிய ரவுட்டர். இங்கே என் தொழில் எனக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது. வானொலி ஒருவழிப் பாதை. புக்கிட் பாத்தோக் குன்றிலிருந்து கிளம்பும் பண்பலை அலை தெம்பனிஸ் வீட்டுச் சமையலறை வரை போகிறது. நான் பேசுகிறேன், நீங்கள் கேட்கிறீர்கள். உங்கள் வானொலிப்பெட்டி எனக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அனுப்பும் கோபுரம் வலுவாக இருந்தாலே போதும். வைஃபை அப்படியல்ல. அது உரையாடல். ரவுட்டர் ஒரு தகவல் துண்டை அனுப்பினால், “வந்தது” என்று கைப்பேசி பதில் அனுப்ப வேண்டும். ரவுட்டர் உரக்கப் பேசலாம். சின்ன மின்கலத்தை வைத்திருக்கும் கைப்பேசியால் முணுமுணுக்கத்தான் முடியும். கடைசி அறையில் சிக்னல் கோடுகள் தெரிந்தும் படம் நகராமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ரவுட்டர் சொல்வது கைப்பேசிக்குக் கேட்கிறது; கைப்பேசி சொல்வது ரவுட்டருக்கு எட்டவில்லை. மேலும், அலையின் வலுவுக்குச் சட்டப்படி உச்ச வரம்பு உண்டு. கொம்புகள் கூடினால் அந்த வரம்பு கூடிவிடாது.

இன்னொரு விஷயம். ஓர் அலைத்தடத்தில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தூரத்தில் இருக்கும் கருவி மெதுவாகப் பேசும். அதே செய்தியைச் சொல்லிமுடிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை மற்றவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். ஆகவே கடைசி அறையின் குறை அந்த அறையோடு நிற்பதில்லை. அது வரவேற்பறைக்காரரின் வேகத்தையும் சேர்த்தே தின்கிறது.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு தடையும் உண்டு. 1997ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்துக்குப் பிறகு வந்த வீவக வீடுகளில் ‘பாம் ஷெல்டர்’ என்று நாம் சொல்லும் பாதுகாப்பறை இருக்கிறது. இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய தடித்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. குண்டு வெடிப்பைத் தாங்கும் சுவர், வைஃபை அலையை எளிதில் விட்டுவிடுமா? ஆனால் சிலர் அரிசி மூட்டை, பழைய பயணப்பெட்டிகளோடு ரவுட்டரையும் அதற்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். பெரிய நிலைக்கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி, மீன்தொட்டி ஆகியவையும் அலைக்குத் தடைதான்.

அலைவரிசைகளின் குணமும் வேறுவேறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி நன்றாகப் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. அடுக்குமாடியில் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடித்துக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், வேகமும் அதிகம். ஆனால் சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். வைஃபை 6இ, வைஃபை 7 கருவிகள் பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் இன்னும் வேகமானது, அடுத்த அறைக்குப் போவதற்குள் இன்னும் அதிகமாகக் களைத்துப் போவது.

அப்படியென்றால் என்னதான் வழி? ஒரே இடத்தில் நின்று கத்துவதை விட்டுவிட்டு, கேட்பவருக்குப் பக்கத்தில் போய் மெல்லப் பேசுவதுதான். அதற்கான கருவியே அக்சஸ் பாயிண்ட். ரவுட்டர் என்பது வீட்டின் வாயிற்காவலர். வெளி இணையத்தையும் வீட்டுக் கருவிகளையும் இணைப்பது அதன் வேலை. அக்சஸ் பாயிண்டுக்கு ஒரே வேலைதான்: கம்பியில் வருவதைக் காற்றில் பரப்புவது. வீட்டுக்கு ஒரு ரவுட்டர் போதும். அக்சஸ் பாயிண்ட் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை வேண்டும்? மூவறை வீட்டுக்கு, நடுவில் வைத்த ஒரு ரவுட்டரே பெரும்பாலும் போதும். பாதுகாப்பறை குறுக்கே நிற்கும் நாலறை, ஐந்தறை வீடுகளுக்கு இரண்டு இடங்களிலிருந்து அலை கிடைத்தால் நல்லது. இரட்டைமாடி வீடு என்றால், அது இங்கே மேசனெட்டாக இருந்தாலும் ஜோகூரில் தரைவீடாக இருந்தாலும், மாடிக்கு ஒன்று எனத் தொடங்குங்கள்.

எத்தனை என்பதைவிட, அவற்றை எப்படி இணைக்கிறோம் என்பதே பெரிய கேள்வி. கடைகளில் ‘மெஷ்’ என்று இரண்டு மூன்றாகச் சேர்த்து விற்கும் பெட்டிகள் தங்களுக்குள்ளும் காற்றிலேயே பேசிக்கொள்ளும். அது வசதிதான். ஆனால் இரண்டு அலைவரிசை மட்டும் உள்ள மலிவான வகையில், ஒரே அலையில் ரவுட்டரோடும் கைப்பேசியோடும் மாறிமாறிப் பேச வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மூன்றாவது அலைவரிசை தனியாக உள்ள வகை இதைவிட மேல். எல்லாவற்றிலும் மேல், இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி.

கம்பி என்றதும் சுவரை உடைக்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். புதிய பிடிஓ வீடுகளில் வரவேற்பறையிலும் படுக்கையறைகளிலும் இணையக் கம்பிக்கான சுவர் இணைப்புகள் பெரும்பாலும் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும். பலர் அவற்றை அலமாரிக்குப் பின்னால் மறைத்துவிட்டு, மேசைமேல் மெஷ் பெட்டியை வைத்திருக்கிறார்கள். பழைய வீடு என்றால், சுவரோரம் வெள்ளை உறைக்குள் ஒரு கேட் 6 கம்பியை இழுத்துவிடலாம். வீட்டைப் புதுப்பிக்கும் நேரமாக இருந்தால், குத்தகைக்காரர் விளக்குக்குக் கம்பி இழுக்கும்போதே இதையும் இழுக்கச் சொல்லுங்கள். ரவுட்டர் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும், கம்பி நீண்ட காலம் உழைக்கும்.

கம்பி இருந்தால் புதிய கருவிகூடத் தேவைப்படாமல் போகலாம். திட்டத்தைப் புதுப்பிக்கும்போது கிடைத்த பழைய ரவுட்டர் எல்லார் வீட்டு அலமாரியிலும் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். பலவற்றின் அமைப்புப் பக்கத்தில் ‘அக்சஸ் பாயிண்ட் மோட்’ என்று ஒரு தெரிவு உண்டு. தயாரிப்பாளர் இன்னும் பாதுகாப்பு மேம்பாடுகளை வழங்குகிறாரா என்று பார்த்துவிட்டு, அந்தத் தெரிவைப் போடுங்கள். போடாமல் அப்படியே சொருகினால் ஒரே வீட்டில் இரண்டு வாயிற்காவலர்கள் ஆகிவிடுவார்கள். பிறகு ஓர் அறையிலுள்ள அச்சு இயந்திரத்தை மற்ற அறைக் கணினி தேடிக்கொண்டே இருக்கும். இரண்டு கருவிகளுக்கும் ஒரே வைஃபை பெயரும் மறைச்சொல்லும் வைத்தால், நடமாடும்போது கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும். அது மாறாமல் தூரத்து அலையையே பிடித்துத் தொங்கினால், தூரத்து ரவுட்டரின் அலை வலுவைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள்.

புதிதாகத்தான் வாங்குவது என்றால், பெட்டிமேல் உள்ள எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ‘ஏஎக்ஸ்3000’ என்றால் உங்கள் கைப்பேசிக்கு 3,000 மெகாபிட் வரும் என்று பொருள் இல்லை. ஓர் அலைவரிசையின் 2,402, இன்னொன்றின் 574, இரண்டையும் கூட்டிச் சொன்ன கணக்கு அது. கைப்பேசி பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஒரே விலையில், ஓர் இடத்தில் வைக்கும் விலையுயர்ந்த வைஃபை 7 ரவுட்டரா, கம்பியில் இணைத்த இரண்டு சாதாரண வைஃபை 6 கருவிகளா என்றால், கடைசி அறை இரண்டாவதற்குத்தான் கைதூக்கும்.

சிறு கடை, உணவகம், துணைப்பாட நிலையம் நடத்துபவர்களுக்குக் கணக்கு சற்று வேறு. அங்கே தூரத்தைவிடக் கூட்டம் பெரிது. மதிய உணவு நேரத்தில் நாற்பது பேர் கைப்பேசியோடு உட்கார்ந்தால், வீட்டு ரவுட்டர் திணறிவிடும். கூரையில் பொருத்தும் வகை அக்சஸ் பாயிண்ட் பாருங்கள். மின்சாரமும் இணையமும் ஒரே கம்பியில் போகும் என்பதால், கூரையில் மின்சார இணைப்பு தனியாக வேண்டாம். டிபி-லிங்க் ஓமடா, யூபிக்விட்டி யூனிஃபை போன்றவை இந்த வகை. மலேசிய உறவினரிடம் ‘யூனிஃபை’ என்றால் அவர் வீட்டு இணையச் சேவையை நினைத்துக்கொள்வார். பெயர்தான் ஒன்று, இது வேறு. எதை வாங்கினாலும் ஒன்றை மறக்காதீர்கள்: வாடிக்கையாளருக்கு ஒரு வைஃபை, கல்லாவுக்கும் அட்டைக் கட்டணக் கருவிக்கும் தனி வைஃபை. தேத்தண்ணீர் குடிக்க வந்தவரும் உங்கள் வரவுசெலவுக் கணக்கும் ஒரே அறையில் இருக்கக்கூடாது.

பாதுகாப்பு வீட்டுக்கும் பொருந்தும். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு, கருவிகளுக்கு நான்கு நிலைகள் கொண்ட தரமுத்திரை வழங்குகிறது. இங்கே விற்கப்படும் வைஃபை ரவுட்டர்கள் அதில் குறைந்தது முதல் நிலையையாவது எட்டியிருக்க வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரலில் வந்தது. வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து மலிவாக வரவழைக்கும் கருவியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கும் முன் ஒரு மாலைப்பொழுதைச் செலவழியுங்கள். மடிக்கணினியைக் கம்பியால் ரவுட்டரில் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். அங்கேயே மெதுவாக இருந்தால் குறை வைஃபையில் இல்லை. சேவை நிறுவனத்தை அழையுங்கள். அங்கே வேகம் இருந்தால், ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அளக்கும் இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, கதவுகளைச் சாத்திவிட்டு அறை அறையாக நடந்து பாருங்கள். எண் மைனஸில் வரும். மைனஸ் 67 அல்லது அதைவிடப் பூச்சியத்துக்கு நெருக்கமாக இருந்தால் காணொளி அழைப்பு தடங்கலின்றிப் போகும். மைனஸ் 75, 80 என்று இறங்கும் அறைதான் உங்கள் காசு போய்ச் சேர வேண்டிய இடம். முதலில் ரவுட்டரை இடம் மாற்றுங்கள், அது இலவசம். பிறகு கம்பி. கடைசியில்தான் கடை.