கூறியது கூறல் குற்றமோ?

சொன்னதையே திரும்பச் சொல்லுதல் அறிவின் வறுமை என்று ஒரு சாரார் நமக்குப் பாடம் புகட்டுகின்றனர். செபமாலையும் மன்றாட்டுமாலையும் அவர்களுக்குப் பாமரர் பழக்கம். சாவு வீட்டில்கூட அவற்றைச் சுருக்கிவிடச் சொல்கின்றனர். பழம்பாடல்களைப் பதிப்பிப்போர் சிலரும் இம்மனத்தினரே. கண்ணிதோறும் வரும் பல்லவியை முதற்கண்ணியில் மட்டும் அச்சிட்டு, ஏனைய இடங்களில் நீக்கிவிடுகின்றனர். இவ்விரு வெட்டுக்கும் வேர் ஒரே அறியாமை என்கிறோம் நாம். சான்றாக டென்மார்க் நாட்டுக் கதைப்பாடல் ஒன்றை முன்வைக்கிறோம்.

பொகேமியாவில் பிறந்து, 1205இல் டேனிய மன்னர் இரண்டாம் வால்டமாரை மணந்தவர் அரசி டாக்மார். 1212இல் இறந்த அவர் ரிங்ஸ்டெட் நகர்க் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது சாவைப் பாடும் கதைப்பாடலை, ஆண்டர்ஸ் வேடல் என்னும் லூத்தரன் குரு 1591இல் தாம் வெளியிட்ட நூறு பாடல்களுள் ஒன்றாக அச்சேற்றினார். வரலாற்றோடு புனைவும் அதில் கலந்துள்ளது.

அதன் யாப்பு எளியது. கண்ணிக்கு நான்கு அடிகள். முதலடியிலும் மூன்றாமடியிலும் நான்கு ஒலியழுத்தங்கள். மற்ற இரண்டில் மும்மூன்று. அழுத்தம் பெறாத அசைகளுக்குக் கணக்கில்லை. இரண்டாம், நான்காம் அடிகளின் ஈறுகள் நம் இயைபுத் தொடைபோல் ஒத்து ஒலிக்கும். உயிரொலி மட்டும் ஒத்தாலும் குறையில்லை. இவற்றின்பின் தனித்து நிற்பது பல்லவி. அரசி ரிங்ஸ்டெட்டில் இளைப்பாறுவதை அது அறிவிக்கும்.

முதற்கண்ணியில் அரசி ரீபே நகரில் நோயுற்றுக் கிடக்கிறார். கதை இனிமேல்தான் நிகழவேண்டும். பல்லவியோ அவரை அப்போதே கல்லறையில் இளைப்பாற வைத்துவிடுகிறது! செய்தி கேட்ட மன்னர் ஸ்கான்டர்போரிலிருந்து விரைகிறார். புறப்படும்போது உடன்வருவோர் நூறு பேர். வழியில் பதினைந்து பேர். ரீபேப் பாலத்தை அடையும்போது அவர் தனியர். வாக்கிய அமைப்பு மாறவில்லை. எண் மட்டுமே குறைகிறது. அவருடைய வேகத்தையும் தவிப்பையும் வேறு சொல்லால் விளக்கவேண்டிய தேவை புலவனுக்கு இல்லை. அவ்வோட்டத்தினிடையே பல்லவி ஒலிக்க, மன்னர் அறியாததைக் கேட்போர் அறிகின்றனர்.

மன்னர் வந்தபோது உயிர் பிரிந்திருந்தது. பெண்டிரின் மன்றாட்டால் அரசி எழுந்து பேசுகிறார். சிறைப்பட்டோரை விடுவிக்க வேண்டுகிறார். ஞாயிறன்று பட்டுச் சட்டைக் கையை நாடாவிட்டுக் கட்டியதற்காக வருந்துகிறார். அப்போதும் பல்லவி மாறவில்லை. ஆனால் முதலில் சாவறிவிப்பாக ஒலித்த அதே சொற்கள், முடிவில் நித்திய இளைப்பாற்றிக்கான மன்றாட்டாக நம் செவியில் விழுகின்றன. சொல் நிலைத்து நின்றது, பொருள் வளர்ந்தது.

‘கூறியது கூறல்’ நன்னூல் கடிந்த குற்றமன்றோ எனலாம். ஆம், நூலுக்குக் குற்றம். செய்யுளிலோ அதையே பின்வருநிலை என்னும் அணியாகக் கொள்கிறது தண்டியலங்காரம். பிற இனத்தார்போல் மிகுதியான சொற்களை அடுக்கவேண்டாமென்று ஆண்டவர் விலக்கவில்லையா என்பர். விலக்கியது, சொற்பெருக்கால் இறைவனை இணங்க வைக்கலாம் என்னும் எண்ணத்தை. கெத்சமனியில் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி அவர் மன்றாடியதை மத்தேயுவே எழுதிவைத்துள்ளார். திருப்பாடல் 136இன் இருபத்தாறு வசனங்களும் ஒரே பல்லவியோடு முடிகின்றன. அதையும் சுருக்கிவிடலாமோ?

எழுத்தறியாதார் நினைவுக்கு உதவவே பல்லவி பிறந்தது என்பது பாதி உண்மை. டேனிய ஆட்சிக்குட்பட்ட பரோயே தீவுகளில் இன்றும் மக்கள் கைகோத்து ஆடிப் பாடுகின்றனர்: கதையை ஒருவர் நடத்திச் செல்ல, பல்லவியை அனைவரும் ஏற்கின்றனர். ஆகவே பல்லவியை நீக்குவோர் ஒரு வரியோடு மக்களின் குரலையும் நீக்குகின்றனர்.

சாவு வீட்டில் சுருக்கம் தேடுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும். துயரத்தால் நாவடைத்து நிற்பவரிடம் புதுச்சொல் ஏது? ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்னும் பதிலுரை ஒன்றே அப்போது அவரிடம் எஞ்சியிருப்பது. அதையும் பறித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.