பதினெட்டு சதவீதமும் அம்மாவின் சமையலும்

"நான் ஆக்கிப் போட்டதுல ஏதாச்சும் தப்பாடா?"

போன வருஷம் ஃபோனில் அம்மா இப்படிக் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். திருச்சியில் ஆபரேஷன் முடிந்து ஒரு மாசம் கழித்துத்தான் எனக்கே விஷயத்தைச் சொன்னார்கள். "அங்க உக்காந்துக்கிட்டு நீ என்ன பண்ணுவ? எதுக்கு டென்ஷன்னுதான் சொல்லல." வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலருக்கு இந்த வசனம் பழக்கம்தான்.

அப்பா சிகரெட்டைத் தொட்டதில்லை. குடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டுக்கறி. ஆனால் பார்க்க வந்த சொந்தக்காரங்க எல்லாரும் முதலில் கேட்டது, "என்ன சாப்பிட்டாரு?" அந்தக் கேள்வி, முப்பத்தெட்டு வருஷமாக அடுப்படியில் நின்றவரைப் போய்க் குத்தியிருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேறு தினம் ஒரு குற்றவாளி: மைக்ரோவேவ், பிராய்லர் கோழி, ரீஃபைண்ட் எண்ணெய். கூடவே கருஞ்சீரக வைத்தியம்.

நான் எண்களோடு பிழைப்பு நடத்துகிறவன். அதனால் எண்ணிலிருந்தே ஆரம்பித்தேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு பிரான்சின் லியோன் நகரில் இருக்கிறது. 2015 அக்டோபரில், 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்களின் ஆய்வை வைத்து, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. சாசேஜ், ஹாம், பேக்கன், சலாமி எல்லாம் இதில் அடக்கம். உப்பில் ஊறவைத்துக் காயவைக்கும் நம்ம உப்புக்கண்டமும் அந்த வரையறைக்குள் வரும். தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்றார்கள். சாதாரண ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் அதற்கு ஒரு படி கீழே.

புகையிலையும் அதே முதல் பிரிவில்தான் இருக்கிறது. உடனே 'ஹாமும் சிகரெட்டும் ஒண்ணு' என்று ஃபார்வர்ட் பறந்தது. அது தப்பு. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை இல்லை.

18 சதவீதம் என்றால் நூறில் 18 பேருக்கு வரும் என்றும் அர்த்தமில்லை. அமெரிக்காவில் நூறு பேரை எடுத்தால், வாழ்நாளில் சுமார் 4 பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வருகிறது. அந்த நாலில்தான் 18 சதவீதம் கூடும். அதாவது நாலு, கிட்டத்தட்ட ஐந்தாகிறது. புகை பிடிப்பவருக்கோ நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு 15 முதல் 30 மடங்கு. சதவீதம் எங்கே, மடங்கு எங்கே!

நாம் பேசாமல் விடுகிற விஷயங்கள் வேறு இருக்கின்றன. மது 1988லேயே அந்த முதல் பிரிவுக்குப் போய்விட்டது. வார இறுதி கெட்‑டுகெதரில் 'ஒயின் இதயத்துக்கு நல்லது' என்று சொல்லிக்கொண்டே ஊற்றுகிறோமே, அதுவும் மதுதான். அதிக உடல் எடை 13 வகைப் புற்றுநோய்களோடு சம்பந்தப்பட்டது. அப்புறம் நார்ச்சத்து. ஒரு நாளைக்கு 30 கிராம் வேண்டும் என்கிறார்கள். ஒரு கப் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூடத் தேறாது. ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 கிராம் கிடைக்கும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும், தடுக்கக்கூடியவை 30 முதல் 50 சதவீதப் புற்றுநோய்கள்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிச்சத்துக்கு வயசு, பரம்பரை, செல் தன்னைத் தானே நகலெடுக்கும்போது நேரும் பிழைகள் என்று பல காரணம்.

அம்மாவிடம் சொன்னேன்: "இது நூறு பேரைப் பத்தின கணக்கும்மா. அந்த நூறுல அப்பாவுக்கு ஏன் வந்துச்சுன்னு எந்தக் கணக்காலயும் சொல்ல முடியாது. உன் சமையல் மேல பழி போடாத."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி, நீ அங்க என்ன திங்குற?"

மாட்டிக்கொண்டேன். மதியம் ஹாம் சாண்ட்விச், பத்து மணி நேரம் நாற்காலி, வெள்ளிக்கிழமை பீர்.

அதைவிட முக்கியமான ஒன்று டாக்டரிடம் போனபோதுதான் தெரிந்தது. குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்ற கேள்விக்கு வருஷா வருஷம் யோசிக்காமல் 'இல்லை' என்று குறித்துவந்தேன். இந்த முறை 'அப்பா' என்று எழுதினேன். இங்கே மற்றவர்களுக்கு 2021லிருந்து 45 வயதில் பரிசோதனை. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னால், எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோப்பி செய்யச் சொல்கிறார்கள். குடலில் வளரும் சிறு கட்டி புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் வருஷக்கணக்கில் ஆகும். பரிசோதனையின்போதே அதை வெட்டி எடுத்துவிடலாம்.

எனக்கு இப்போது 38. அப்பா விஷயத்தை மறைத்தே வைத்திருந்தால், இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்திருக்காது.

ஹாமை நிறுத்தியாச்சு. சுண்டல் டப்பாவில் போகிறது. பீர் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இந்த வாரம் ஊருக்குப் பேசும்போது "சாப்டீங்களா"வோடு இன்னொன்றையும் கேளுங்கள்: நம்ம வீட்டில் யாருக்கு, எந்த வயசில், என்ன வந்தது? சொல்லத் தயங்குவார்கள். "எங்களுக்கும் தெரியணும், பிள்ளைங்களுக்கும் தெரியணும்" என்று சொல்லிப் பாருங்கள். எங்க அப்பா அதற்கப்புறம்தான் தாத்தாவைப் பற்றியும் சொன்னார்.