மூச்சுத் திணறும் சகோதரிகள்: சானடோரியத்தின் அடுத்த கடமை

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதத்தின் கடைசி நாள் உலக அரிய நோய்கள் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று நாளிதழ்களில் நாம் காணும் படங்கள் பெரும்பாலும் குழந்தைகளுடையவை. முப்பது, நாற்பது வயதில் மூச்சுத் திணறி நிற்கும் பெண்ணின் படம் அங்கே இடம்பெறுவது அரிது. அப்படிப்பட்ட பெண்களைத் தாக்கும் ஒரு நுரையீரல் நோயைப் பற்றி நாம் பேசியாக வேண்டும்.

லிம்ஃபாஞ்சியோலியோமயோமடோசிஸ் என்பது அதன் முழுப்பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக 'லாம்' என்கிறார்கள். மரபணுவில் ஏற்படும் ஒரு பழுதால் சில செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி நுரையீரலுக்குள் பரவுகின்றன. நல்ல திசு அழிந்து, அந்த இடத்தில் காற்று நிறைந்த நீர்க்கட்டி போன்ற குழிகள் உருவாகின்றன. ஏறத்தாழ பெண்களை மட்டுமே, அதிலும் பிள்ளைப்பேறு வயதில் இருப்பவர்களையே இது அதிகம் பிடிக்கிறது. பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இந்நோயைத் தூண்டுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஏன் கண்டுபிடிக்கப்படுவதில்லை?

பத்து லட்சம் பெண்களில் சுமார் ஐந்து பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பெண்கள் 3.6 கோடி. அப்படியானால் நம் மாநிலத்தில் மட்டும் 180 பேராவது இருக்க வேண்டும். அவர்கள் எங்கே?

பலர் ஆஸ்துமா நோயாளிகளாக இன்ஹேலரோடு அலைந்துகொண்டிருப்பார்கள். சிலர் காசநோய் மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார்கள். மாடிப்படி ஏறினால் இளைக்கிறது என்று சொல்லும் பெண்ணுக்கு நம் வீடுகளில் கிடைக்கும் பதில், "இரத்தம் கம்மியா இருக்கும், பேரீச்சம்பழம் சாப்பிடு" என்பதுதான். சாதாரண எக்ஸ்ரேயில் தொடக்க நிலை லாம் தெரியாமலேயே போகலாம். நுண்ணிய சி.டி. ஸ்கேனில்தான் அந்தக் குழிகள் துலங்கும். திடீரென நெஞ்சுக்கூட்டில் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கும்போது, அதுவும் ஒருமுறைக்கு இருமுறை நிகழ்ந்த பிறகே, பலருக்கு நோயின் பெயர் தெரியவருகிறது.

ஒரு தாயும் ஒரு விஞ்ஞானியும்

மருந்தே இல்லை என்றால் பேசிப் பயனில்லை. ஆனால் மருந்து இருக்கிறது. பசிபிக் பெருங்கடலின் ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட நுண்ணுயிரியில் கிடைத்தது 'சிரோலிமஸ்'. இதைப் பிரித்தெடுத்தவர், பிரிக்கப்படாத பஞ்சாபில் பிறந்து கனடாவில் பணியாற்றிய சுரேந்திரநாத் சேகல். அவரது நிறுவனம் அந்த ஆய்வைக் கைவிட்டபோதும் அவர் நுண்ணுயிரி மாதிரியைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் பாதுகாத்தார். 1999இல் அமெரிக்காவில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கான மருந்தாக அதற்கு அனுமதி கிடைத்தது.

இன்னொரு பக்கம், மகளுக்கு லாம் என்று தெரிந்ததும் சூ பைர்ன்ஸ் என்ற அமெரிக்கத் தாய் 1995இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். சிதறிக் கிடந்த நோயாளிகளையும் ஆய்வாளர்களையும் அது ஒன்றுசேர்த்தது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் மருத்துவர் ஃபிரான்சிஸ் மெக்கார்மக் தலைமையில் 89 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2011இல் வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களின் நுரையீரல் திறன் நிலைபெற்றது, எடுக்காதவர்களுக்குச் சரிந்தது. மருந்தை நிறுத்தியதும் சரிவு மீண்டும் தொடங்கியது. ஆக, இது நோயைத் தீர்ப்பதில்லை, தடுத்து நிறுத்துகிறது. 2015இல் அமெரிக்க அரசு லாம் நோய்க்கே இதை அங்கீகரித்தது.

இழந்த நுரையீரலை இந்த மருந்து திரும்பத் தராது. இருப்பதைத்தான் காக்கும். ஆகவே ஒவ்வோர் ஆண்டுத் தாமதமும் அந்தப் பெண் நிரந்தரமாக இழக்கும் மூச்சு.

கொள்கை இருக்கிறது, வாசல் எங்கே?

மத்திய அரசின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வந்தது. பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் வெளிப்படும் பரம்பரை நோய்கள். தமிழகத்தில் இதற்கான சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்டிருப்பது எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. முப்பத்தைந்து வயதுப் பெண் எந்த வாசலில் நிற்பாள்?

அஸ்தினாபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது தாம்பரம் சானடோரியம். 1928இல் மருத்துவர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. பின்னாளில் எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே உலகம் அஞ்சிய காலத்தில் அவர்களை ஏற்று, நாட்டின் மிகப்பெரிய சிகிச்சை மையங்களுள் ஒன்றாக உயர்ந்தது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையமோ, காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று நிரூபித்து உலகின் சிகிச்சை முறையையே மாற்றியது. இரண்டும் நம் ஊரின் சாதனைகள்.

இந்த மரபுக்கு அடுத்த கடமை அரிய நுரையீரல் நோய்கள். இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. வாரம் ஒருநாள் தனிப் பிரிவு, காரணம் தெரியாத மூச்சுத்திணறலோடு வரும் பெண்களுக்கு சி.டி. ஸ்கேன், மாநிலம் தழுவிய நோயாளிப் பதிவேடு, சிரோலிமஸ் இலவசமாகக் கிடைக்க ஏற்பாடு ஆகிய நான்கும் போதும் தொடக்கத்துக்கு. இந்த மருந்தை இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. ஆனால் அது நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். காசநோய் மலிந்த நம் நாட்டில் தேர்ந்த மருத்துவரின் கண்காணிப்பில்தான் தர வேண்டும். அந்தக் கண்காணிப்புக்குச் சானடோரியத்தை விடப் பொருத்தமான இடம் எது?

நம் பங்கு

அரசிடம் கேட்பதோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. மணமாகாத பெண்ணின் நோயை மறைப்பது நம் சமுதாயத்தில் வழக்கமாகிவிட்டது. மூச்சுத்திணறலை மறைத்து முடிக்கும் நிக்காஹ் இரு குடும்பங்களுக்கும் இழைக்கும் அநீதி. கர்ப்பகாலத்தில் லாம் தீவிரமாகலாம். சிரோலிமஸ் எடுக்கும்போது கருத்தரிப்பதும் மருத்துவரைக் கேட்டு முடிவுசெய்ய வேண்டியது. மணமகனும் இதை முன்பே அறிந்திருப்பது அவசியம். அதுபோல, ரமலானில் மருத்துவரிடம் கேட்காமல் மருந்தை நிறுத்துவது பக்தியாகாது. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை, பயன்படுத்தத்தான் தரப்பட்டது.

மஹல்லா ஜமாஅத்துகள் நடத்தும் மருத்துவ முகாம்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறோம். அங்கே வரும் சகோதரிகளிடம் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்போம்: "படியேறினால் மூச்சு வாங்குகிறதா? ஆஸ்துமா மருந்து எடுத்தும் குறையவில்லையா?" ஆம் என்பவரைப் பேருந்து ஏற்றிச் சானடோரியத்துக்கு அனுப்பி வைப்போம். கணக்கில் வராத அந்த 180 பேரில் ஒருவர் நம் தெருவிலேயே இருக்கலாம்.