விளக்கேற்றும் வேளையில் வௌவால்

அந்தி மயங்கும் நேரத்தில் பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு நிமிரும்போது தலைக்கு மேல் ஒரு சிறு நிழல் சுழன்று போனால், வீட்டுப் பெரியவர்களின் மனம் கலங்கிவிடுகிறது. வௌவால் வீட்டுக்குள் வருவது ஆகாது என்று எப்போதோ காதில் விழுந்த வார்த்தை நினைவுக்கு வருகிறது. சிலர் மறுநாளே சோதிடரிடம் சென்று பரிகாரம் கேட்கிறார்கள். சிலர் அப்போதே துடைப்பத்தைக் கையில் எடுக்கிறார்கள். இரண்டும் தேவையில்லை. கூடத்து விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மொய்த்தன. அவற்றைத் துரத்திக்கொண்டு அந்தப் பிராணி சன்னல் வழியே வந்தது. திரும்பும் வழி புலப்படாமல் சுற்றுகிறது. நடந்தது அவ்வளவுதான்.

அந்த நிமிடத்தில் முதலில் செய்ய வேண்டியது மின்விசிறியை நிறுத்துவது. வீட்டுக்குள் வந்த வௌவால் அடிபடுவது பெரும்பாலும் விசிறியின் இறக்கையில்தான். அடுத்து, உள்ளறைக் கதவுகளைச் சாத்திவிட்டு, வெளிப்பக்கத்துச் சன்னல்களை முழுவதும் திறந்து, கூடத்து விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடலாம். பெரும்பாலும் சிறிது நேரத்தில் அது தானே போய்விடும். காலை வரை சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால், வாயகன்ற டப்பா ஒன்றை அதன்மேல் கவிழ்த்து, பின்புறம் கெட்டியான அட்டையைச் செருகி, மாலையில் மரக்கிளை உயரத்தில் விட வேண்டும். தரையில் விட்டால் பல வௌவால்களால் எழும்பிப் பறக்க இயலாது. வெறுங்கையால் மட்டும் தொடலாகாது. ஏன் என்பது பின்னர் வருகிறது.

விருந்தாளியாக ஓரிரவு வந்துபோவது ஒரு வகை. குடியேறிவிடுவது வேறு வகை. தமிழ்நாட்டு வீடுகளை அண்டி வாழ்பவை பொதுவாக மூன்று. ஓட்டுச் சந்திலும் உத்தரத்துக்கும் சுவருக்கும் இடைப்பட்ட வெடிப்பிலும் ஒண்டிக்கொள்ளும் சிறு வௌவால்கள் பூச்சிகளை மட்டுமே உண்பவை. பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயத்தின் எடை 9 கிராம். இவற்றுள் பல அதைவிட இலேசானவை. இரண்டாவது, வாசல் மண்டபத்தின் கூரையில் இரவில் வந்து தொங்கி, கொய்யாவையும் நாட்டுவாதுமையையும் நெட்டிலிங்கப் பழத்தையும் மென்று சக்கையை விடிவதற்குள் கோலம்போடும் இடத்தில் உதிர்த்துவிட்டுப் போகும் குட்டை மூக்குப் பழ வௌவால். மூன்றாவது, ஆலிலும் அரசிலும் நூற்றுக்கணக்கில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால். இறக்கையை விரித்தால் 4 அடி வரும். இது வீட்டுக்குள் வருவதில்லை. தோப்புக்காரருக்குத்தான் இதனோடு வழக்கு.

கோயிலுக்கும் வௌவாலுக்கும் உள்ள உறவு பழையது. தூண்களின்றி அகன்று வளைந்த கூரையுடைய மண்டபத்துக்குச் சிற்பிகள் 'வௌவால் நெற்றி மண்டபம்' என்றே பெயர் வைத்தார்கள். திருவீழிமிழலையில் உள்ளது அவற்றுள் புகழ்பெற்றது. மதுரை வட்டாரத்துப் புளியங்குளத்தில் முனீசுவரருக்கு உரிய ஆலமரத்தில் தொங்கும் வௌவால்களை அவ்வூரார் தெய்வத்தின் உடைமையாகவே கருதிக் காத்து வந்திருக்கிறார்கள். வௌவால்கள் மிரளக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு. அபசகுனம் என்று அஞ்சுவோர் இதையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன், ஜி.மாரிமுத்து முதலிய அறிஞர்கள் குகை வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத குகையின் உள்ளே இருந்தாலும், தம் கூட்டத்தோடு இருக்கும்வரை வௌவால்கள் அந்தி வேளையைச் சரியாக அறிந்து எழுகின்றன. கூட்டத்தைப் பிரித்துத் தனியே வைத்தால் கணக்குத் தவறிப் போகிறது என்பதை 1981-இல் வெளியிட்டார்கள். சத்சங்கத்தின் பெருமையைச் சொல்லும் உபன்யாசகர்களுக்கு நல்ல உவமை ஒன்று இங்கே கேட்பாரற்றுக் கிடக்கிறது.

இனி, குடியேறிவிட்டவற்றை எப்படி அனுப்புவது? இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தவறு நேர்கிறது. சந்து தெரிகிறது, கொத்தனார் வருகிறார். "சிமெண்ட் வைத்து இப்பவே அடைச்சுடட்டுமா ஐயா?" என்கிறார். வீட்டுக்காரரும் சரி என்கிறார். பகலில் வௌவால்கள் எல்லாம் உள்ளேதான் உறங்கிக்கொண்டிருக்கின்றன என்பது இருவருக்கும் தோன்றுவதில்லை. இரவில் அடைத்தாலும் ஆபத்து நீங்கிவிடாது. வௌவால் முட்டையிடும் பறவையன்று. குட்டி போட்டுப் பாலூட்டும் விலங்கு. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டி, சிலவற்றுக்கு இரண்டு. பிறந்து சில வாரங்கள் அக்குட்டிகளால் பறக்க இயலாது. தாய்கள் இரைதேடிப் போயிருக்கும் நேரத்தில் வாயை அடைத்தால், குட்டிகள் உள்ளே பட்டினியில் மடிகின்றன. தாய்கள் வெளியே சுவரைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. அடுத்த வாரம் நாற்றம் தாங்காமல் அதே கொத்தனாரை அழைத்து அதே இடத்தை இடிக்க வேண்டியிருக்கிறது. பாவமும் செலவும் ஒருங்கே சேரும் காரியங்கள் உலகத்தில் குறைவு. இது அவற்றுள் ஒன்று.

முறையாகச் செய்வதற்குச் சில மாலைப்பொழுதுகள் போதும். விளக்கேற்றும் நேரத்தில் முற்றத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்து, எந்தச் சந்திலிருந்து அவை வெளிவருகின்றன என்று பார்க்க வேண்டும். எல்லா இனத்துக்கும் பொருந்தும் மாதக் கணக்கு எதுவும் இல்லை; குட்டை மூக்கு வௌவால் ஆண்டுக்கு இருமுறை குட்டி போடுகிறது. ஆகவே நாட்காட்டியைவிடக் காதை நம்புவதே நலம். பெரியவை பறந்து போன பின்பும் உள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டால் குட்டிகள் இருக்கின்றன. ஒன்றிரண்டு மாதம் பொறுத்துத்தான் ஆக வேண்டும். ஒலி இல்லையென்று உறுதியான பிறகு, கண் மிகச் சிறிதான நைலான் வலையைச் சந்தின் மேற்புறத்திலும் இரு பக்கங்களிலும் பொருத்தி, கீழ்ப்புறத்தை மட்டும் திறப்பாக இரண்டடி தொங்கவிட வேண்டும். உள்ளே இருப்பவை வலைக்கும் சுவருக்கும் நடுவே ஊர்ந்து இறங்கி வெளியேறிவிடும். திரும்பி வருபவை சந்தின் வாயைத் தேடி வலைமேல் மோதி, வேறிடம் போய்விடும். ஒரு வாரம் இப்படி விட்டு, மாலையில் எதுவும் வெளிவரவில்லை என்று கண்ட பின் சந்தைப் பூசிவிடலாம். எலியைப் போல வௌவால் சுவரைக் குடைவதில்லை, கூடு கட்டுவதும் இல்லை. ஒருமுறை சரியாக அடைத்தால் அந்தப் பூச்சு நிலைக்கும்.

அந்துருண்டையைக் கட்டித் தொங்கவிடுவதும், நாள் முழுவதும் புகைமூட்டம் போடுவதும் வௌவாலைவிட வீட்டிலுள்ள மூச்சிரைப்புக்காரரையே அதிகம் வருத்தும். காதுக்குக் கேட்காத ஒலியால் விரட்டும் என்று சொல்லி விற்கப்படும் கருவிகளின் பலன், பெரும்பாலும் கடைக்காரர் ரசீது தருவதோடு முடிந்துவிடுகிறது. வாசல் மண்டபத்துப் பழ வௌவாலுக்கு எளிய வழி உண்டு: சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்றைச் சில இரவுகள் அணைக்காமல் விட்டால் பெரும்பாலும் இடம் மாற்றிக்கொள்ளும்.

உடல்நலம் பற்றி முதியவர்கள் கருத்தில் கொள்ள வேண்டியவை உண்டு. காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் எழும் தூளில் நுரையீரலைப் பற்றும் பூஞ்சை இருக்கக்கூடும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கையுறை அணிந்து வழிக்க வேண்டும். எலிப் புழுக்கையா, பூச்சியுண்ணும் வௌவால் எச்சமா என்று ஐயம் வந்தால் குச்சியால் நசுக்கிப் பார்க்கலாம்: எலியினுடையது கெட்டியாக இருக்கும், வௌவாலுடையது பொடியாக உதிர்ந்து, பூச்சி இறக்கைத் துணுக்குகள் மின்னும். வௌவால் கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெறிநோய்க்கான தடுப்பூசியை அவர் முடிவு செய்வார். வௌவால் கடித்த பழம் இனிக்கும் என்று பொறுக்கி எடுப்பது பழைய வழக்கம். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா நோய் கண்டு உயிர்கள் போன பிறகு அந்த வழக்கத்தை விட்டுவிடுவதே தகும். நைவேத்தியத்துக்குத் தோட்டத்துப் பழம் எடுப்போர் பற்குறி உள்ளதா என்று திருப்பிப் பார்த்து, நன்கு கழுவி எடுக்க வேண்டும். வௌவால் கறி ஆஸ்துமாவுக்கு நல்லது, அதன் எண்ணெய் மூட்டுவலிக்கு நல்லது என்று விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த மருந்துக்கு ஆதாரமில்லை. அதற்காகக் கொல்லப்படும் பெரிய வௌவாலோ ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும்.

சட்டமும் மாறியிருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைக் காகம், எலி ஆகியவற்றோடு சேர்த்துத் தொல்லை தரும் உயிர்கள் என்னும் அட்டவணையில் வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த அட்டவணையே நீக்கப்பட்டது.

கோயிலுக்கு இவை செய்யும் ஊழியம் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. மின்சாரம் வருமுன் சந்நிதி விளக்குகள் பலவற்றில் எரிந்தது இலுப்பை எண்ணெய். இலுப்பை இரவில் பூக்கும் காலத்தில் அதன் சதைப்பற்றான இனிய பூவிதழைத் தேடிப் பழ வௌவால்கள் வருகின்றன, மகரந்தத்தைச் சுமக்கின்றன. பின்னர் பழத்தைத் தூக்கிச் சென்று தின்று கொட்டையைத் தொலைவில் போடுகின்றன. சுந்தரர் பாடிய திருமண்ணிப்படிக்கரை இன்று இலுப்பைப்பட்டு என்றே வழங்குகிறது. அங்கே தல விருட்சமும் இலுப்பைதான்.

ஆனாலும் கோபுர நிலைகளில் பல்லாண்டு சேர்ந்த எச்சம் சுதையையும் வண்ணத்தையும் அரிப்பது உண்மை. திருப்பணிக் குழுவினர் வலையடிக்க விரும்புவதில் தவறில்லை. வீட்டுக்குச் சொன்னதே கோபுரத்துக்கும் பொருந்தும். பாலாலயம் ஆகி, சாரம் கட்டிய பிறகு அவசரத்தில் அடைப்பதைவிட, அதற்குப் பல மாதங்கள் முன்பே மாலைநேரத்தில் கண்காணித்து, வனத்துறையினரைக் கேட்டு, குட்டிகள் பறந்து சென்ற பின் நிலைகளை மூடுவது நல்லது. கண் அகன்ற தளர்ந்த வலையை அடிக்கவே கூடாது. வௌவாலும் புறாவும் அதில் சிக்கித் தொங்கும், அவற்றை எடுக்க ஏழாம் நிலைக்கு ஏறிச் செல்ல ஆள் கிடைக்காது.