தன் படைக்கு எதிரே துப்பாக்கியைத் திருப்பச் சொன்ன விமானி

வன்கொடுமை வழக்குகளுக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்கிய நம் எல்லோருக்கும் ஓர் ஏக்கம் உண்டு. ஊர்த் தெருவிலிருந்து ஒரே ஒருவர் வந்து கூண்டில் நின்று, "நான் பார்த்தேன், செய்தது எங்கள் ஆட்கள்தான்" என்று சொல்லிவிட மாட்டாரா என்ற ஏக்கம். பெரும்பாலும் யாரும் வருவதில்லை. வருகிறேன் என்று சொன்னவரும் கடைசி நாளில் பிறழ் சாட்சி ஆகிவிடுகிறார். அதனால்தான், அப்படி வந்து நின்ற ஒருவரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அவர் நம் நாட்டுக்காரர் அல்ல. அமெரிக்க இராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டிய ஹியூ தாம்சன்.

தாம்சன் 1943இல் பிறந்தார். வளர்ந்தது ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்டோன் மவுன்டன் என்ற ஊரில். இந்த ஊரின் பெயரை மறக்காதீர்கள். கறுப்பின மக்களைக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கூ கிளக்ஸ் கிளான் 1915இல் மறுபிறவி எடுத்தது அந்த ஊர் மலையின் உச்சியில்தான். 1963இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையில் அந்த மலையின் பெயர் வருவதற்கும் அதுவே காரணம். அப்படிப்பட்ட ஊரில், நிறவெறியை ஏற்காத ஒரு வெள்ளைக் குடும்பத்தில் வளர்ந்தவர் தாம்சன். மூன்று வருடம் கடற்படையில் இருந்தார். வெளியே வந்து இறுதிச் சடங்குகள் நடத்தித் தரும் தொழில் செய்தார். 1966இல் தானாகவே தரைப்படையில் சேர்ந்து ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றார். 1967 டிசம்பரில் வியட்நாம் போனார். இராணுவத்தை விரும்பிச் சேர்ந்தவர் அவர், போர் எதிர்ப்பாளர் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அவர் கதை பாதிதான்.

1968 மார்ச் 16 காலை. சோன் மை கிராமத்தின் மை லாய் குடியிருப்புக்குள் சார்லி கம்பெனி என்ற காலாட்படைப் பிரிவு நுழைந்தது. மேலே தாம்சனின் சிறிய உளவு ஹெலிகாப்டர். மரங்களின் தலையை உரசுவதுபோலத் தாழப் பறந்து, கீழே மறைந்திருக்கும் எதிரியைச் சுட வைத்து, அவன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை. கூட இருந்தவர்கள் இருவர்: லாரன்ஸ் கோல்பர்ன், வயது 18. கிளென் ஆண்ட்ரியாட்டா, வயது 20. அன்று கீழிருந்து ஒரு குண்டுகூட வரவில்லை. ஆனால் வயல் வரப்பிலும் சாலையிலும் உடல்கள் கிடந்தன. காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு உதவி வரட்டும் என்று தாம்சன் பச்சைப் புகைக் குண்டு போட்டு அடையாளம் காட்டினார். திரும்பி வந்து பார்த்தால் அடையாளம் காட்டியவர்கள் எல்லாரும் பிணமாகக் கிடந்தார்கள். ஒரு கேப்டன் காயம்பட்ட பெண்ணைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டுச் சுட்டதை மூவரும் கண்ணால் கண்டார்கள்.

ஒரு பாசன வாய்க்கால் முழுக்க மனிதர்கள். செத்தவர்களோடு உயிர் இருந்தவர்களும் கிடந்தார்கள். தாம்சன் இறங்கிப் போய், இவர்களைக் காப்பாற்ற வேண்டாமா என்று கேட்டார். அங்கே நின்ற லெப்டினன்ட் வில்லியம் கேலி அவரைவிடப் பதவியில் மூத்தவர். இது என் வேலை, உன் வேலையைப் பார் என்கிற தோரணையில் பேசி அனுப்பினார். ஹெலிகாப்டர் மேலெழுந்ததும் வாய்க்காலில் மறுபடி துப்பாக்கிச் சத்தம்.

தாம்சனின் வாழ்க்கையைத் தீர்மானித்தது அடுத்த சில நிமிடங்கள். ஒரு பதுங்கு குழிக்குள் கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும் ஒளிந்திருந்தார்கள். சிப்பாய்கள் அதை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். தாம்சன் இரண்டுக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார். "நான் அந்த மக்களை வெளியே கொண்டு வரும்போது நம் ஆட்கள் சுட்டால், நீங்கள் நம் ஆட்களைச் சுடுங்கள்" என்ற பொருளில் தன் இரண்டு தோழர்களிடமும் சொன்னார். தானே நடந்து போய்க் கை அசைத்து அந்த மக்களை வெளியே அழைத்தார். பத்துப் பேர் அளவில் இருந்தார்கள். அவருடைய வண்டியில் அத்தனை பேருக்கு இடம் இல்லை. மேலே வட்டமிட்ட பெரிய ஹெலிகாப்டர்களின் விமானிகளை வானொலியில் கூப்பிட்டு, இறங்கி ஏற்றிப் போகச் செய்தார். பிறகு வாய்க்கால் மேலே பறந்தபோது ஆண்ட்ரியாட்டா ஓர் அசைவைப் பார்த்தார். பிணங்களுக்கு நடுவே இறங்கிப் போய், இரத்தத்தில் நனைந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார். தாம்சனுக்கு வீட்டில் ஏறக்குறைய அதே வயதில் மகன் இருந்தான். குழந்தையைக் குவாங் ஙாய் மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத் தளத்துக்குத் திரும்பி, மேலதிகாரிகளிடம் கோபத்தோடு புகார் செய்தார். அதன் பிறகுதான் சுடுவதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது. சோன் மை நினைவிடத்தில் இன்று 504 பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

அந்தச் சிப்பாய்கள் வியட்நாமியரை 'கூக்' என்ற இழிசொல்லால்தான் அழைத்தார்கள். சாதிப் பெயரையே வசவாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு என்ன நடந்தது? மூடி மறைத்தார்கள். தாம்சனுக்கு ஒரு வீரப் பதக்கம் கொடுத்தார்கள். கடும் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே குழந்தையைக் காப்பாற்றினார் என்று அதன் குறிப்பில் எழுதியிருந்தது. பொய். அவர் அதைத் தூக்கி எறிந்தார். ஆண்ட்ரியாட்டா மூன்றே வாரத்தில் போரில் இறந்தார். தாம்சன் பலமுறை சுட்டு வீழ்த்தப்பட்டு, கடைசியில் முதுகெலும்பு முறிந்து ஊர் திரும்பினார். 1969இல் முன்னாள் சிப்பாய் ரான் ரைடனவர் எழுதிய கடிதங்களாலும் செய்தியாளர் சீமோர் ஹெர்ஷின் எழுத்தாலும் உண்மை வெளியே வந்தது. தாம்சன் விசாரணைக் குழு முன்பும் இராணுவ நீதிமன்றத்திலும் சாட்சி சொன்னார். நாடாளுமன்ற இராணுவக் குழுத் தலைவர் மெண்டல் ரிவர்ஸ், இந்த விவகாரத்தில் தண்டிக்கப்பட வேண்டியவர் தாம்சன் ஒருவர்தான் என்றார். சொந்தப் படையினர் மீது துப்பாக்கியைத் திருப்பச் சொன்னாராம், அதுதான் குற்றம். கொலை மிரட்டல்கள் வந்தன. வீட்டு வாசலில் செத்த விலங்குகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். 26 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டு, தண்டனை பெற்றவர் கேலி மட்டும். ஆயுள் தண்டனை. அதிபர் நிக்சன் உடனே அவரைச் சிறையிலிருந்து வீட்டுக் காவலுக்கு மாற்றினார். மொத்தம் மூன்றரை வருடத்தில் வெளியே வந்துவிட்டார்.

அதே 1968இன் டிசம்பர் 25 இரவில் நம் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். வசதி படைத்த மிராசுதாரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களா என்று உயர் நீதிமன்றம் நம்ப மறுத்து எல்லோரையும் விடுவித்தது. எரித்தவர்கள் பக்கத்திலிருந்து ஒரு தாம்சன் வந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மை லாயில் சாட்சி இருந்தும் தீர்ப்பு அப்படித்தான் வந்தது. ஆனால் அங்கே பத்துப் பேர் உயிரோடு இருந்தார்கள். சாட்சியைவிட அது பெரிது.

தாம்சன் இராணுவத்தை விட்டு ஓடவில்லை என்பதுதான் நம்மில் பலருக்கு நெருடும். நமக்கும் நெருடியது. 1983இல் மேஜராக ஓய்வு பெறும்வரை சீருடையில் இருந்தார். பிறகு மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஹெலிகாப்டர் ஓட்டினார். லூசியானாவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசுத் துறையில் ஆலோசகராக இருந்து, போரால் உடைந்து வந்தவர்களோடு உட்கார்ந்து பேசினார். தன்னைக் கடைசிவரை ஒரு சிப்பாயாகவே நினைத்தார். வியட்நாமில் அமெரிக்காவுக்கு என்ன வேலை என்ற கேள்வியை அவர் வாழ்க்கை கேட்கவில்லை. நாம் கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் சீருடை என்றாலே பகை என்று எழுத நம்மால் முடியாது. அண்ணல் அம்பேத்கரே ஒரு சுபேதாரின் பிள்ளை. இதைப் படிக்கிற தம்பி தங்கைகளில் எத்தனை பேர் காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் ஓடிப் பழகிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நமக்குத் தெரியும். 1999இல் தாமிரபரணிக் கரையில் 17 பேர் செத்தபோது லத்தி பிடித்து நின்ற வரிசையிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்களா? நாளை அந்த வரிசையில் நிற்கப்போகிற உங்களுக்காகத்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

அமெரிக்க அரசு தாம்சனை ஏற்க 30 வருடம் ஆனது. சத்தமில்லாமல் பதக்கத்தைக் கொடுத்து முடிக்கப் பார்த்தார்கள். தோழர்கள் இருவருக்கும் சேர்த்துத் தர வேண்டும், வியட்நாம் நினைவுச் சுவரின் முன்னால் எல்லோரும் பார்க்கத் தர வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். 1998 மார்ச் 6 அன்று அப்படியே நடந்தது. ஆண்ட்ரியாட்டாவின் பெயர் அதே சுவரில் இருக்கிறது.

அந்த மாதமே தாம்சனும் கோல்பர்னும் சோன் மை போனார்கள். காப்பாற்றப்பட்ட பெண்கள் சிலர் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்: சுட்டவர்கள் ஏன் உங்களோடு வரவில்லை, வந்திருந்தால் அவர்களை மன்னித்திருப்போமே. தாம்சன் ஆடிப்போனார். தன்னால் அவர்களை மன்னிக்க முடியாது என்று பிறகு வெளிப்படையாகச் சொன்னார். 2006 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 62. கோல்பர்ன் பக்கத்தில் இருந்தார்.