கடலடிக் கம்பி வழியே வந்த கள்வன்

கப்பலில் மூன்று நாள் கிடந்து இத்தீவுகளுக்குப் பிழைக்க வந்தவர்கள் நாம். ஊரிலிருந்து வரும் ஒரு கடிதத்துக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடந்த காலம் நமக்கு மறக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா முதலிய தீவுகளுக்கும் கடலடிக் கம்பித் தொடர்பு தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். எல்லாம் மக்கள் பணம். இன்று ஊரிலுள்ள தாயின் முகத்தைக் கைப்பேசியில் பார்க்கிறோம். மகிழ்ச்சிதான். ஆனால் அதே வழியில் கள்வனும் வந்து சேர்ந்துவிட்டான்.

அவன் கன்னம் வைப்பதில்லை. இரண்டு வரிச் செய்தி அனுப்புகிறான். "சிம் இன்றிரவு துண்டிக்கப்படும்", "வங்கிக் கணக்கு முடங்கும்", "பரிசு விழுந்திருக்கிறது." ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும் அந்த வரிகளை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் நமக்குப் பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயந்தான் அவனுக்கு முதலீடு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு ஒரு நொடியில் போய்விடுகிறது.

"ஏமாந்தவன் முட்டாள்" என்பாரை ஒன்று கேட்கிறோம்: எச்சரிக்கையை நம் மொழியில் யார் சொன்னார்கள்? கட்டணம் வசூலிக்க நம் எண் தெரிகிறது. காப்பாற்ற மட்டும் நம் மொழி தெரியவில்லையா?

கேட்டுப் பெறும்வரை நம்மை நாமே காத்துக்கொள்ள வேண்டும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. கேட்டால் அது திருட்டு. ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வங்கியின் பெயரில் வரும் செய்தியை நம்பாதீர்கள். அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். அறிமுகமில்லாத அயல்நாட்டு எண் ஒருமுறை ஒலித்து நின்றால் திருப்பி அழைக்காதீர்கள். அழைத்தால் வெளிநாட்டுக் கட்டணம் நம் தலையில் விழும்.

கேட்காத பாட்டுக்கும் சோதிடத்துக்கும் இருப்புத் தொகை கரைகிறதா? இரண்டு முறை நம் சம்மதம் பெறாமல் அத்தகைய சேவையைத் தொடங்கக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-இல் இட்ட கட்டளை. நிறுத்துவதற்கு 155223 என்ற எண்ணையும் அது ஏற்படுத்தியது. பேசுவதற்கு மட்டும் கைப்பேசி வைத்திருக்கும் நம் முதியோர் இணையத்துக்கும் சேர்த்து ஏன் பணம் கட்ட வேண்டும்? பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டம் தர வேண்டுமென்று 2024 டிசம்பரில் விதி வந்தது. கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார், கேட்டு வாங்குங்கள்.

பணம் போய்விட்டால் மறைக்காதீர்கள். வீட்டுக்காரர் திட்டுவார், அக்கம்பக்கம் சிரிக்கும் என்று ஒருநாள் வாய்மூடி இருந்தால், அந்த ஒருநாளில் பணம் பத்துக் கணக்குகள் தாண்டிவிடும். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கைமாறுவதற்கு முன்னால் முடக்கத்தான் அந்த எண். வெட்கப்பட வேண்டியவன் திருடியவன், உழைத்தவன் அல்ல.

வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் இத்தீவுகளில் தமிழிலும் எச்சரிக்கை அனுப்ப வேண்டும். தொழிலாளர் குடியிருப்புகளில் நிர்வாகம் உதவி மையம் திறக்க வேண்டும். இவை சலுகைகள் அல்ல. கட்டணம் செலுத்துவோரின் உரிமைகள். அவை வரும்வரை, படித்த பிள்ளைகள் மாலையில் பக்கத்து வீட்டாரின் கைப்பேசியையும் பார்த்துச் சொல்லட்டும். நாம் தனித்தனியே பயந்திருக்கும்வரைதான் கள்வனுக்கு வேட்டை.